மறுமொழி: பவர் ஸ்டீயரிங் பம்புக்குத் தமிழ்ல என்ன பேரு? "துணைவிசை"ன்னு வச்சா என்ன

எல்லாருக்கும் வணக்கம்.

பழைய சின்ன கார் வச்சிருக்கவங்களுக்காக நம்ம தொகுக்குற கையேட்டுல பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாத்துக்கும் சொல்லு ஓரளவு முடிவாயிடுச்சு, இந்த பவர் ஸ்டீயரிங் பம்பு மட்டும் இன்னும் இழுத்துக்கிட்டே போவுது. இது வரைக்கும் வந்த மடல் எல்லாத்தையும் படிச்சுட்டுத் தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

> திறன் திசைமாற்றி எக்கி. பாடநூல்ல பவர்னா திறன் தானே.

> விசைச் சுக்கான். விசைத்தறி இருக்கு, விசைப்படகு இருக்கு, அதே வழியில போகலாம்.

> பவர் ஸ்டீயரிங்னே விட்டுடுங்க. மெக்கானிக்குக்குப் புரிஞ்சாப் போதும்.

முதல்ல "திறன்" பத்தி. இயற்பியல் புத்தகத்துல அது சரி தான் ஐயா, ஆனா அங்க அது வாட் கணக்கு. கார் வச்சிருக்க ஒருத்தர் கையேட்டப் பொரட்டும்போது "திறன் திசைமாற்றி"ன்னு பாத்தா ஓட்டுறவரோட திறமையப் பத்தி ஏதோ சொல்றாங்கன்னு தான் நெனைப்பாரு. மூணு சொல்லும் தனித்தனியா நல்ல சொல்லு, ஒண்ணா சேத்தா வாயில நிக்க மாட்டேங்குது.

நெய்வேலி அண்ணன் எழுதின "விசைச் சுக்கான்" எனக்கு ரொம்பப் புடிச்சுது. எங்க கடலூர் முதுநகர் துறைமுகத்துல போயி நின்னா சுக்கான்னு சொல்றத காதால கேக்கலாம், படகோட பின்னாடி இருந்துக்கிட்டு திசைய மாத்துற பொருளு, அரபுல இருந்து வந்த சொல்லுன்னாலும் இன்னிக்கு அது நம்ம மீனவங்க சொல்லு தான். ஸ்டீயரிங்குக்கு சுக்கான்னு வைக்கிறதுல எனக்கு முழு சம்மதம். திசைமாற்றி தப்புன்னு நான் சொல்லல, அச்சுலயும் நெறைய வந்திருக்கு, ஆனா சுக்கான் ரெண்டே அசை, ஓட்டிக்கிட்டே சொல்லலாம்.

நான் நிக்கிற எடம் அந்த "விசை"ல தான். விசைத்தறியில கை போயிடுது, மோட்டார் வந்துடுது. விசைப்படகுல துடுப்புக்கு வேலையே இல்ல, எஞ்சின் தான் தள்ளுது. ரெண்டு சொல்லுலயும் மனுசன் செஞ்ச வேலைய எந்திரம் மொத்தமா எடுத்துக்கிச்சுன்னு தான் அர்த்தம். பவர் ஸ்டீயரிங்ல அப்படி நடக்கவே இல்லையே அண்ணே. சக்கரத்தத் திருப்புறது கடைசி வரைக்கும் நம்ம கை தான். ஸ்டீயரிங் தண்டுல இருந்து பல்சக்கரம், அதுல இருந்து ரேக் (பல்லு வெட்டுன, பக்கவாட்டுல நகர்ற தண்டு), ரேக்குல இருந்து டயருன்னு இரும்பாலயே ஒரு தொடர்ச்சி இருக்கு, அது எப்பவும் அறுபடுறது இல்ல. பம்பு என்ன பண்ணுதுன்னா, எஞ்சின் பெல்ட்டுல சுத்தி எண்ணெய்க்கு அழுத்தம் குடுக்குது, நம்ம ஸ்டீயரிங்கத் திருப்பும்போது உள்ள ஒரு மெல்லிசான கம்பி லேசா முறுக்கிக்குது, எந்தப் பக்கம் முறுக்குதோ அதுக்கேத்த மாதிரி வால்வு தெறந்து எண்ணெய் ரேக்குக்குள்ள அந்தப் பக்கமாப் போயி தள்ளிக் குடுக்குது. நம்ம திருப்பாம அது தானாத் தள்ளாது. அது ஒத்தாசை, அவ்வளவு தான். அந்த ஒத்தாசையும் லேசுப்பட்டது இல்ல, டயர்ல நம்ம அடிக்கிற காத்தோட அழுத்தம் 2 பார் சொச்சம், இங்க சின்ன கார்லயே உச்ச அழுத்தம் ஏறக்குறைய 60லேர்ந்து 100 பார் வரைக்கும் போகும்.

பிரெஞ்சுல இதுக்கு பேரே "திரெக்சியோன் அசிஸ்தே" தான், அதாவது உதவியோட திருப்புறது. புதுச்சேரியில பிரெஞ்சு தெரிஞ்ச வீடுகளுக்கு இது புதுசா இருக்காது. அதப் பாத்து நம்ம சொல்லு வைக்கணும்னு சொல்ல வரல. ஒரு மொழிக்காரங்க பவரப் பாத்திருக்காங்க, இன்னொரு மொழிக்காரங்க உதவியப் பாத்திருக்காங்க, பொருளோட வேலைக்கு ரெண்டாவது தான் நெருக்கம்.

இதுக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுறேன்னா, பேரு தப்பா இருந்தா ரோட்டுல ஆபத்து வரும்னு நெசமாவே நம்புறேன். எங்க அக்கா பையன் 2007 மாடல் சின்ன வண்டி ஒண்ணு வச்சிருக்கான். புதுச்சேரிலேர்ந்து கடலூர் வந்துக்கிட்டிருந்தவன் கன்னியக்கோயில் கிட்டேர்ந்து போன் பண்றான், "மாமா ஸ்டீயரிங் லாக் ஆயிடுச்சு"ன்னு, குரலே நடுங்குது. திரும்புதாடான்னு கேட்டேன். "திரும்புது மாமா, ஆனா ரெண்டு கையாலயும் புடிச்சு இழுக்கணும்"ங்குறான். அப்ப அது லாக்கே இல்ல, கனத்துப் போயிருக்கு. இந்த "லாக்"குங்குற ஒத்த சொல்ல நம்ம ஊர்ல எத்தனைக்கு வச்சிருக்கோம் பாருங்க, சாவிய எடுத்தா ஸ்டீயரிங் பூட்டிக்கிறதும் லாக், ஒரு பக்கமா கடைசி வரைக்கும் திருப்புனாலும் லாக், பம்பு போயி கனமானாலும் லாக், உள்ள எதாவது சிக்கி உண்மையிலேயே நின்னு போனாலும் லாக். மொத ரெண்டும் கோளாறே இல்ல. மூணாவதுல வண்டிய நிதானமா ஓரங்கட்டலாம், வேகமாப் போகும்போது கனம் அவ்வளவாத் தெரியாது, வேகம் கொறைஞ்சு நிக்கப் போற நேரத்துல தான் கை கடுக்கும். நாலாவது தான் உயிருக்கு உலை. லாக் ஆயிடுச்சுன்னு பயந்துபோயி ஸ்டீயரிங்க விட்டவன், இல்லன்னா ஓடுற வண்டியில சாவிய உருவினவன் கதி என்ன ஆகும்? "துணை போச்சு, சுக்கான் இருக்கு"ன்னு பேருலயே தெரிஞ்சா அந்த நொடியில கை தானா ஸ்டீயரிங்க இறுக்கிப் புடிக்கும்.

அதனால என் முன்மொழிவு "துணைவிசைச் சுக்கான்". பம்புக்கு "துணைவிசைப் பம்பு". சுருக்கமா "துணைச் சுக்கான்"னு வைக்கலாமான்னும் யோசிச்சுப் பாத்தேன், அது ரெண்டாவதா இன்னொரு ஸ்டீயரிங் இருக்குங்குற மாதிரி கேக்குது, டிரைவிங் ஸ்கூல் வண்டியில வாத்தியாருக்கு தனி பிரேக் இருக்குமே அந்த நெனப்பு வந்துடும், அதனால விசைங்குற சொல்லு நடுவுல இருக்கட்டும்.

பம்ப எக்கின்னு மாத்தணுமாங்குறதுக்கு என் பதில், வேண்டாம். வயித்த எக்குறது, எக்கிப் பாக்குறதுன்னு வேர்ச்சொல்லு நல்லா இருக்கு, மறுக்கல. ஆனா நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக் கொல்லையில பம்புசெட்டுன்னு சொல்லிக்கிட்டு இருக்கவரு கையேட்டுல எக்கின்னு பாத்தா திரும்ப ஒருத்தர்கிட்ட கேக்கணும். பம்பு தமிழாகி ரொம்ப காலம் ஆச்சு, உகரம் போட்டு, வேற்றுமை ஏத்து, பம்புல, பம்புக்குன்னு ஓடுது. கலப்புச் சொல்லுன்னு சில பேரு முகம் சுளிக்கலாம். ரயிலடியும் சோடாக்கடையும் அப்படித்தானே ஒட்டி நிக்குது. புரியாத பகுதிக்கு, அதாவது பவருக்கு, தமிழ்ச்சொல்லு வேணும். புரிஞ்ச பகுதிய ஏன் புடுங்கணும்?

"மெக்கானிக்குக்குப் புரிஞ்சாப் போதும்"னு எழுதின தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். மெக்கானிக்குக்கு எந்தப் பேரா இருந்தாலும் புரியும், அவரு கையால தொட்டுப் பாத்தே கண்டுபுடிச்சுடுவாரு. சொல்லு தேவைப்படுறது வண்டிய வச்சிருக்கவருக்கு. அக்கா பையன் வண்டிய முதலியார்பேட்டையில ஒரு பட்டறைக்கு எடுத்துட்டுப் போனப்ப நானும் கூடப் போனேன். அந்த மெக்கானிக் அண்ணன் மொதல்ல பம்பத் தொடவே இல்ல. எஞ்சின ஓட விட்டு எண்ணெய் டப்பா மூடியத் தெறந்து காட்டுனாரு, உள்ள நல்லா ஆத்துன டீ மாதிரி ஒரே நுரை. வெளிய ஒரு சொட்டு ஒழுகல, டப்பாலேர்ந்து பம்புக்குப் போற ரப்பர் ஓஸு காஞ்சு வெறைச்சுப் போயி கிளிப்புக்கு அடியில மயிர் மாதிரி வெடிச்சிருக்கு, அந்த வழியா பம்பு எண்ணெயோட சேத்து காத்தையும் உறிஞ்சிக்கிட்டே இருந்திருக்கு. கொஞ்சம் எண்ணெய வெள்ளைத் துணியில சொட்ட விட்டு வெயில்ல புடிச்சாரு, பொடிப்பொடியா மின்னுது, பம்புக்குள்ள இருக்க தகடுங்க தேஞ்சு உதிர்ந்த இரும்புத் தூளு. "ஓஸு மட்டும் அப்பவே மாத்தியிருந்தா பம்பு பொழைச்சிருக்கும் தம்பி"ன்னாரு. வண்டி ரொம்ப நாளாவே சத்தம் போட்டு சொல்லிக்கிட்டு இருந்திருக்கு, அத எப்படி விவரிக்கிறதுன்னு தான் இவனுக்குத் தெரியல, "ஏதோ சவுண்டு வருது"ன்னு மட்டும் போற எடத்துல எல்லாம் சொல்லியிருக்கான்.

அதனால இந்தப் பகுதியில பாகத்துக்குப் பேரு வைக்கிறதோட நிறுத்தாம சத்தத்துக்கும் சொல்லு குடுக்கணும்னு கேட்டுக்குறேன். நம்ம மொழியில அதுக்குப் பஞ்சமே இல்ல. ஸ்டார்ட் பண்ண ஒடனே, இல்ல திருப்பும்போது "கீச்"சுன்னு கத்துனா பெல்ட் வழுக்குது, பல நேரம் பெல்ட்ட இறுக்குனாலோ மாத்துனாலோ தீந்துடும். ஊஊன்னு ஒரு உறுமல், ஆக்சிலேட்டர் குடுக்கக் குடுக்க ஏறுது, திருப்பும்போது இன்னும் கூடுதுன்னா எண்ணெய் கொறைஞ்சிருக்கு இல்ல காத்து பூந்திருக்கு, அதையும் பாத்தாச்சுன்னா அப்புறம் தான் பம்பு. கீச்சு, உறுமல் ரெண்டையும் அப்படியே சொல்லாவே வச்சுக்கலாம். பம்ப மாத்துறதுக்கு முன்னாடி பெல்ட், எண்ணெய் அளவு, ஓஸு மூணையும் பாத்துடணும்னு கொட்டை எழுத்துல போடணும். எங்க பக்கம் உப்புக்காத்துல இரும்புக் குழாயும் கிளிப்பும் சீக்கிரம் துருப்புடிக்கும், கடலோரத்துல இருக்கவங்க அதையும் தடவிப் பாக்கணும். பம்பு மாத்துனா பழைய எண்ணெய முழுசா வடிச்சுக் கழுவணும், அந்த இரும்புத் தூளு உள்ளயே இருந்தா புதுப் பம்பையும் தின்னுடும். மூடியில என்ன எண்ணெய்னு போட்டிருக்கோ அத மட்டும் தான் ஊத்தணும், கையில இருக்குன்னு பிரேக் ஆயில ஊத்திட்டா உள்ள இருக்க சீலெல்லாம் உப்பிக் கெட்டுப்போயிடும். துணை போனாலும் சுக்கான் திரும்பும்னு சொன்னேன், அதுக்காக எண்ணெய் இல்லாமலே நாள்கணக்கா ஓட்டுனா பம்பு காஞ்சு இறுகிடும், சில வண்டியில அதே பெல்ட்டுல தான் ஆல்டர்னேட்டரும் தண்ணி பம்பும் சுத்துது, பெல்ட் அறுந்தா பேட்டரி விளக்கு எரியும், எஞ்சினும் கொதிக்கும், அப்ப ஒடனே நிறுத்திடணும்.

"ஃபுல் லாக்" விஷயத்துக்கு வர்றேன். இத நம்ம புதுசா உருவாக்கவே வேண்டாம். வண்டிய பின்னாடி எடுக்கும்போது பக்கத்துல நின்னு சைகை காட்டுறவரு என்ன சொல்றாரு, "ஒடி, நல்லா ஒடி, ஃபுல்லா ஒடிச்சுக்க"ன்னு தானே. கிளீனர்லேர்ந்து பார்க்கிங் பாத்துக்குறவர் வரைக்கும் அந்த சொல்லு தான். "முழு ஒடி"ன்னு வச்சுட்டா "முழு ஒடியில அஞ்சு பத்து நொடிக்கு மேல புடிச்சு வைக்காதீங்க, பம்பு அப்ப தான் உச்ச அழுத்தத்துல சூடேறும்"னு ஒத்தை வரியில எழுதிடலாம். சாவியால பூட்டுறதுக்கு "சாவிப்பூட்டு". பம்பு போனா "சுக்கான் கனத்துடுச்சு". உண்மையிலேயே நின்னுட்டா "சுக்கான் சிக்கிடுச்சு". லாக்குங்குற சொல்ல கையேட்டுல எங்கயுமே சேக்கக் கூடாது.

> இன்னும் கொஞ்ச வருஷத்துல பம்பே இருக்காது, எல்லாம் மோட்டார் தான். செத்துப்போற பாகத்துக்கு சொல்லு எதுக்கு?

இத எழுதின அம்மா சொல்றது நியாயமான கேள்வி. 1951ல கிரைஸ்லர் இம்பீரியல் கார்ல தான் இந்த எண்ணெய் முறை மொதல்ல கடைக்கு வந்துச்சு, 1988லயே சுசூகி செர்வோ கார்ல மின் மோட்டார் வச்சது வந்துடுச்சு, இப்ப வர்ற சின்ன கார்ல பம்பத் தேடுனாலும் கிடைக்காது. ஆனா நம்ம கையேடே பழைய வண்டிக்குத் தானேம்மா, அதுவும் லாரி, பஸ்ஸு, கரும்பு ஏத்திக்கிட்டு ஆலைக்கு வர்ற டிராக்டர்ல எல்லாம் எண்ணெய் முறை இன்னும் இருக்கு. அதோட துணைவிசைங்குற சொல்லு பம்போட போயிடாது. மோட்டார் வச்சதுக்கு "மின் துணைவிசைச் சுக்கான்"னா முடிஞ்சுது, அதுலயும் மோட்டார் போனா கனக்குமே தவிர சுக்கான் இருக்கும். பவர் பிரேக்கும் இதே சங்கதி தான், ஓடுற வண்டியில எஞ்சின் அணைஞ்சா ஒண்ணு ரெண்டு மிதியோட அந்த உதவி தீந்து பெடல் கல்லாயிடும், பலமா மிதிச்சா வண்டி நிக்கும், அதுக்கு "துணைவிசை பிரேக்". மிதிக்கும்போது மோட்டார் கைகுடுக்குற சைக்கிள் இப்ப வருதே, அதுக்கும் "துணைவிசை சைக்கிள்"னு நீட்டிக்கலாம். எல்லாத்துலயும் மனுசன் செய்யுறான், எந்திரம் கூட நிக்குது.

எண்ணெய்க்கு "சுக்கான் எண்ணெய்"னு எழுதிடலாம்னு நெனைக்கிறேன், பட்டறையில ஸ்டீயரிங் ஆயில்னு தான் சொல்றாங்க, அதுக்கு நேரா ஒக்காரும். எண்ணெய் இருக்க பாத்திரத்துக்கு ஒருத்தர் "நீர்த்தேக்கம்"னு போட்டிருந்தீங்க, வீராணம் ஏரி தான் ஞாபகத்துக்கு வருது, டப்பான்னே வைக்கலாமா, இல்ல வேற எதாவது தோணுதா? மத்த சொல்லுல யாருக்காவது மறுப்பு இருந்தா காரணத்தோட எழுதுங்க, பகுதிய நானே தட்டச்சு பண்ணி அனுப்புறேன்.