கம்பிரசருக்குத் தமிழ்: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

ஹட்டனிலிருந்து, புதன் இரவு

குழுவில் எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஹட்டனில் குளிரூட்டல், வளிச்சீராக்கல் பாடம் எடுக்கிறேன். தேசிய தொழிற்றகைமை மூன்றாம் மட்டம். "இந்தக் குளிர்ல நமக்கெதுக்கு சேர் ஏசி?" என்று முதல் நாளே ஒரு பையன் கேட்டான். இங்கே வீட்டில் ஏசி பூட்டியவர்கள் அபூர்வம், உண்மைதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போகப்போவது கண்டிக்கும் கொழும்புக்கும் கட்டாருக்கும்.

திங்கட்கிழமைப் பாடம், வீட்டு ஏசியின் கம்பிரசர் கெட்டுப்போகிறது என்பதை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்பது. கையேடு எழுதி முடித்துவிட்டேன். தலைப்பில்தான் நிற்கிறேன். "கம்பிரசர் பழுதாவதன் அறிகுறிகள்" என்று போட்டால் வேலை முடிந்தது. போட மனம் வரவில்லை, காரணம் போன கிழமை வகுப்பில் நடந்தது.

பழைய ஏசி ஒன்றின் வெளிப்பெட்டியை ஓடவிட்டு, "கம்பிரசர் நல்லதா, கெட்டதா?" என்று கேட்டேன். "ஓடுது சேர், நல்லம்" என்றார்கள், ஒரே குரலில். அதிலிருந்து வெளியே போகும் குழாயைத் தொடச் சொன்னேன். கை வைக்க முடியாமல் சுட வேண்டிய குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. அமுக்கம் காட்டும் கேஜைப் பூட்டிக் காட்டினேன். தாழ்ந்து நிற்க வேண்டிய முள் ஏறியும், ஏறி நிற்க வேண்டிய முள் இறங்கியும், இரண்டும் கிட்டக்கிட்ட நின்றன. மோட்டர் சுழல்கிறது, அமுக்கும் வேலை நடக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கம்பிரசர் என்பது ஒரு கறுப்பு உருளையின் பெயர். அது என்ன செய்கிறது என்பது அந்தப் பெயருக்குள் அவர்களுக்குக் கேட்கவில்லை.

அமுக்கி? அழுத்தி? வேறு ஏதாவது? ஞாயிறு மாலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

கண்டியிலிருந்து, வியாழன் காலை

தம்பிக்கு,

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அமுக்கி. நம் பாடப்புத்தகத்தில் அமுக்கம் என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள். அழுத்தம் தமிழ்நாட்டு வழக்கு. வானொலியில் "வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்" என்றால் மலையகத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். மழை, மண்சரிவு, பள்ளிக்கூடம் இல்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே ஏசியில் தாழமுக்கப் பக்கம், உயரமுக்கப் பக்கம், நடுவில் அமுக்கி என்று ஒரு குடும்பமாகச் சொல்லிவிடலாம். உள்பெட்டிக் கொயிலுக்கு ஆவியாக்கி, வெளிப்பெட்டிக் கொயிலுக்கு ஒடுக்கி என்ற பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

சொல்லும் நல்ல வேருள்ள சொல். அமர், அமிழ், அமுங்கு மூன்றிலும் கீழே போய்ப் படிதல் என்ற ஒரே பொருள் ஓடுவதைப் பாருங்கள். அமுங்கு தன்வினை, அமுக்கு பிறவினை. ஒடுங்கு, ஒடுக்கு போல. ஔவையார் மூதுரையில் "ஆழ அமுக்கி முகக்கினும் ஆழ்கடல்நீர் நாழி முகவாது நானாழி" என்கிறார். ஒரு நாழி பிடிக்கும் பாத்திரத்தைக் கடலில் எவ்வளவு ஆழ அமுக்கி மொண்டாலும் நாலு நாழி கொள்ளாது என்று பொருள். அமுக்கி என்ற வடிவமே அங்கே கிடக்கிறது.

கலைச்சொல்லில் நம் தீவுக்கு ஒரு பரம்பரை உண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். ஒரு கம்பிரசருக்கு நாம் தயங்கக் கூடாது.

தலவாக்கலையிலிருந்து, வியாழன் மாலை

ஐயா மன்னிக்க வேண்டும். மூதுரையில் வரும் அமுக்கி வினையெச்சம். பெயர்ச்சொல் அல்ல. தமிழ் டீச்சர் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

இலக்கணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சேர் கையேட்டில் இப்படி ஒரு வரி கட்டாயம் எழுதுவார்: "அமுக்கி வாயுவை அமுக்கி ஒடுக்கிக்கு அனுப்புகிறது." இதை வாசிக்கும் பிள்ளை முதல் அமுக்கியையும் வினையாகத்தான் எடுக்கும். யார் அமுக்கினார்கள் என்று எழுவாயைத் தேடும். காட்டி, மூடி எல்லாமும் அப்படித்தானே என்று ஐயா கேட்பார். மூடி கண்ணுக்குத் தெரிகிற பொருள், வழங்கிப் பழகிவிட்டது. அமுக்கி இன்று பிறக்கும் சொல்.

இன்னொன்று. அமுக்குதல் என்றால் மேலே இருந்து கீழே. நாழியைத் தண்ணீருக்குள் அமுக்குவது போல. வாயுவை நாலு பக்கமும் சுருக்குவதற்கு அந்தச் சொல் பொருந்துமா? ஒலியலைப் பாடத்தில் நெருக்கல் என்கிறோம். அப்படியானால் நெருக்கி என்று ஏன் வைக்கக் கூடாது?

ஆனால் பிள்ளைகளுக்கு விளக்க அமுக்கு என்ற வினை நல்லது, அதை மறுக்கவில்லை. என் அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுபோகும் சாக்கில் கொழுந்தை அமுக்கி அடைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். கணக்கப்பிள்ளை கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுச் சத்தம் போடுவார். அமுக்கினால் சூடேறும் என்று தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியும்.

பதுளையிலிருந்து, வியாழன் இரவு

டீச்சர், கொழுந்து சூடேறுவது வேறு. நசுங்கிய இலை மூச்சு விடுகிறது, சூடு போக வழியில்லை. கேஸ் சூடேறுவது அமுக்கும் வேலையே சூடாக மாறுவதால். இரண்டையும் கலந்து சொல்லிக்கொடுத்தால் பிறகு பிள்ளை குழம்பும்.

நான் ஏசி திருத்தும் பாஸ். கட்டாரில் இருந்துவிட்டு இப்போது கண்டி, பதுளைப் பக்கம் வேலை. சொல்லைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது. கையேட்டில் எது விடுபடக் கூடாது என்று தெரியும்.

முதலில் காது. நல்ல கம்பிரசர் ஒரே சீராக முனகும். கெடப்போவது தொடங்கும்போது வெளிப்பெட்டியையே ஓர் உதறு உதறும், நிற்கும்போது இன்னொரு தரம். பிறகு கடகட என்று உலோகம் உலோகத்தில் படும் சத்தம். இன்னொரு வகை, "ம்ம்ம்" என்று சில விநாடி இழுத்து, டிக் என்று ஒரு சத்தம், அமைதி. சில நிமிடம் கழித்து மறுபடி "ம்ம்ம்", டிக். சுழல முடியாமல் நின்ற மோட்டர் கரண்டை அள்ளி இழுக்கிறது, சூடேறிப் பாதுகாப்பு சுவிட்ச் விடுபடுகிறது. கிளாம்ப் மீட்டரைப் போட்டால் பெட்டியில் எழுதிய அம்பியரைப் போலப் பல மடங்கு காட்டும். சில வீட்டில் அதற்கு முன்னே பிரேக்கர் விழும்.

ஆனால் இதை அடிக்கோடு போட்டு எழுதுங்கள் சேர்: "ம்ம்ம், டிக்" என்றதும் கம்பிரசர் செத்தது என்று சொல்லக் கூடாது. கண்டியில் ஒரு வீட்டில் அம்மா ஒருவர் கையில் கொட்டேசன் தாளோடு நின்றார். முன்பு வந்தவர்கள் கம்பிரசர் மாற்ற எழுதிக் கொடுத்தது. நான் மின்சாரத்தை நிறுத்தி, மோட்டரைச் சுழலத் தொடக்கிவிடும் கெப்பாசிட்டரின் மின்னை இறக்கி, கழற்றிப் பார்த்தேன். தலை வீங்கியிருந்தது. 35 மைக்ரோபரட் என்று எழுதியிருந்தது 11 காட்டியது. புதியதைப் போட்டதும் அறை குளிர்ந்தது. கெப்பாசிட்டர் விலைக்கும் கம்பிரசர் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அந்த அம்மா தாளை மடித்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டதை இன்னும் மறக்கவில்லை.

அது சரியாக இருந்தால் மோட்டரின் பொது, தொடக்கம், ஓட்டம் என்ற மூன்று முனைகளை அளக்கலாம். தொடக்க முனைக்கும் ஓட்ட முனைக்கும் நடுவிலான தடை, மற்ற இரண்டையும் கூட்டினால் வரும் அளவாக இருக்க வேண்டும். எந்த முனையிலிருந்தாவது உருளையின் உலோக உடம்புக்குத் தொடர்பு காட்டினால் முடிந்தது. இன்வர்ட்டர் என்றால் மூன்று அளவும் சமமாக வரும், இந்தக் கெப்பாசிட்டரும் இருக்காது.

ஔவையார் சொன்ன நாழி விசயம் எனக்குப் பிடித்தது. தண்ணீரை எவ்வளவு அமுக்கினாலும் சுருங்காது. கம்பிரசருக்குள் திரவம் போனாலும் அதே கதைதான். ஃபில்டர் அடைத்து, உள்பெட்டிக் கொயிலில் ஐஸ் கட்டினால், ஆவியாகாத திரவம் திரும்பி வரும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன உருளை அதைத் தடுக்கத்தான். அதையும் தாண்டினால் உள்ளே தகடு உடையும். எண்ணெயும் கழுவிப்போகும். ஒரு ஃபில்டரைக் கழுவாததால் செத்த கம்பிரசர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பண்டாரவளையிலிருந்து, வெள்ளி காலை

பதுளை அண்ணாவின் கடிதத்தில் கம்பிரசர் என்ற சொல்லை எண்ணிப் பார்த்தேன், ஆறு. ஒரு இடத்திலாவது யாருக்காவது விளங்கவில்லையா?

நான் இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்துச் சாப்பிடுகிறவள். இந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடத்தில் சிங்களப் பாஸும் இருப்பார், மலையாள மேற்பார்வையாளரும் இருப்பார். எல்லார் வாயிலும் கம்பிரசர். "அமுக்கி போய்விட்டது" என்று இவன் சொன்னால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பஸ், லயம் எல்லாம் எங்கிருந்தோ வந்து நம்முடையதாகின. தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை இன்றைக்கும் ஸ்டோர் என்றுதான் சொல்கிறோம், அதனால் நம் தமிழ் குறைந்துவிடவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. பேச்சில் "காச அமுக்கிட்டான்" என்றால் சுருட்டிவிட்டான் என்று பொருள். அமுக்கியும் ஒடுக்கியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஒரு படத்தைத் தோட்டத்துப் பிள்ளைகள் முன் வைக்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்த இரண்டு வினைகளும் நம் ஆட்கள் மீது நிறைய நடந்தவை.

கண்டியிலிருந்து, வெள்ளி பகல்

மகள் கடைசியாகச் சொன்னதை இரண்டு தரம் வாசித்தேன். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஆனால் பேச்சில் கெட்ட பொருள் இருக்கிறதென்று சொல்லை விட்டால் நமக்கு எத்தனை சொல் மிஞ்சும்? நாட்டு மருந்துக் கடையில் அமுக்கிராச் சூரணம் கேட்டு வாங்குகிறோம், யாரும் திருடனை நினைப்பதில்லை.

டீச்சரின் எச்சக் குறை நியாயமானது. பெயரோடு ஒரு சொல்லைச் சேர்த்தால் தீரும். வாயு அமுக்கி, வளியமுக்கி.

பதுளையிலிருந்து, வெள்ளி பகல்

ஐயா, டயர் கடையில் காற்றடிப்பதுதான் வளியமுக்கி. ஏசிக்குள் வளி இருக்கக் கூடாது. பூட்டும்போது வெற்றிடப் பம்பு போட்டு அதை வெளியே இழுத்துவிட்டுத்தான் கேஸைத் திறக்கிறோம். வளி மிஞ்சினால் உயர் பக்கம் தேவையில்லாமல் ஏறி, அதுவே கம்பிரசருக்கு யமன். அந்தப் பெயர் வேண்டாம்.

ஹட்டனிலிருந்து, ஞாயிறு பகல்

எல்லாருக்கும் நன்றி. தனி அஞ்சலில் வந்தவற்றையும் சேர்த்தால் அமுக்கிக்கு ஐந்து பேர், கம்பிரசருக்கு மூன்று பேர், நெருக்கிக்கு டீச்சர் ஒருவர். தலைப்பை இப்படிப் போட்டுக் கொடுத்துவிட்டேன்: "கம்பிரசர் என்னும் அமுக்கி பழுதாவதன் அறிகுறிகள்." உள்ளே "அமுக்கி அமுக்கி" என்று இரண்டு வராதபடி வினை வரும் இடமெல்லாம் "அமுக்குகிறது" என்று வினைமுற்றாக மாற்றினேன். கெப்பாசிட்டரை முதலில் பார் என்பது தடித்த எழுத்தில் இருக்கிறது.

ஹட்டனிலிருந்து, திங்கள் மாலை

அதே பழைய வெளிப்பெட்டியை மறுபடி ஓடவிட்டேன். முதல் நாள் ஏசி எதுக்கு என்று கேட்ட பையன்தான் முன்னுக்கு வந்தான். குழாயில் புறங்கையை வைத்தான், முள் இரண்டையும் பார்த்தான், "ஓடுது சேர், ஆனா அமுக்கல்ல" என்றான்.

கண்டியிலிருந்து, திங்கள் இரவு

பார்த்தீர்களா தம்பி. அமுக்கி நின்றுவிட்டது.

பண்டாரவளையிலிருந்து, திங்கள் இரவு

ஐயா, அந்தப் பையன் சொன்னது வினை. பெயரை அவன் வாயில் எடுக்கவே இல்லை. வினை நம்மிடம் எப்போதும் இருந்தது, அதைச் சொல்லிக்கொடுத்தது சேரும் அந்த முள் இரண்டும். பெயர் கம்பிரசராகவே இருந்திருக்கலாம் என்று நான் இன்னும் நினைக்கிறேன். என் அடுத்த கையேட்டில் அப்படித்தான் போடுவேன்.