லீச்சேட் என்பதற்கு ‘வடிசாறு’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். குவியலில் இறங்கிக் கரைந்தவற்றோடு வெளியேறும் நீரைக் குறிக்கும் லீச்சேட் (leachate) என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இணையாக இங்கே முன்வைக்கப்பட்ட கசிவுநீர், வடிநீர், ஊறல்நீர், நச்சுநீர் ஆகிய நான்கையும் இரண்டு நாள்களாக எண்ணிப் பார்த்தேன். நான் இராணிப்பேட்டைப் பக்கத்தில் வாழ்பவன். எங்கள் ஊராட்சியில் அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபைக்காக ஒரு தீர்மானத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் இந்தச் சொல் வந்தே ஆக வேண்டும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்தருள்க.

முதலில் பொருள். குவிந்து கிடக்கும் ஒரு திடப்பொருளின் ஊடாக நீர் இறங்கும்போது, அப்பொருளில் கரையக்கூடியவற்றை எல்லாம் தன்னோடு சேர்த்துக்கொண்டு அடிவழியே வெளியேறுகிறது. அந்நிகழ்வு லீச்சிங், வெளியேறும் நீர் லீச்சேட். எங்கள் பகுதியில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் இயங்கி, 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவை விட்டுச் சென்றது. அவ்வகை ஆலைகளில் குரோமைட் தாதுவை அரைத்து, சோடியம் கார்பனேட்டும் சுண்ணாம்பும் கலந்து உலையில் வறுப்பார்கள். வறுத்ததை நீரில் இட்டால் சோடியம் குரோமேட் கரைந்து மஞ்சள் கரைசலாகப் பிரிந்து வரும். எஞ்சும் சக்கை கழிவாகக் கொட்டப்படும். நீரில் இட்டுப் பிரிக்கும் அந்தப் படிக்கும் தொழிலில் லீச்சிங் என்றே பெயர். ஆனால் சக்கையில் குரோமேட் முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை. அதன் கனிமக் கட்டமைப்புக்குள் சிக்கிய ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) பல பத்தாண்டுகள் வரை சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டே இருக்கும். ஆலை நிறுத்திய வேலையை, மழை ஒவ்வோர் ஆண்டும் வந்து தொடர்ந்து செய்கிறது. ஆகவே நாம் தேடும் சொல், மனிதர் வேண்டுமென்றே செய்வதற்கும் மழையில் தானே நிகழ்வதற்கும் ஒருசேரப் பொருந்த வேண்டும்.

இனி, முன்மொழியப்பட்ட சொற்கள். கசிவுநீர் என்பதை நான் ஏற்க இயலாமைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. வேளாண் பொறியியலார் நிலத்தடி நீரைப் பெருக்குவதற்காக வெட்டும் குட்டைக்குக் ‘கசிவுநீர்க் குட்டை’ என்றுதான் பெயர். அந்தப் பெயர்ப்பலகைகளை எங்கள் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் பார்க்கலாம். கிணறுகளை வாழவைக்கும் நீருக்கும் அவற்றைக் கெடுக்கும் நீருக்கும் ஒரே பெயர் கூடாது. இரண்டாவது காரணம் என் அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் கொடுத்த ஒரு மனுவில் ‘கழிவு கசிகிறது’ என்று எழுதியிருந்தோம். ஆய்வுக்கு வந்தவர்கள் சுவரையும் தொட்டியையும் குழாயையும் பார்த்துவிட்டு, விரிசல் எதுவும் இல்லை, ஆகவே கசிவு இல்லை என்று எழுதிச் சென்றார்கள். அவர்கள் எழுதியது பொய் என்று சொல்ல மாட்டேன். கசிவு என்றால் கண் விரிசலைத்தான் தேடும். திறந்த வெளியில் கிடக்கும் குவியலில் விரிசல் ஏது? சொல் தவறிய இடத்தில் எங்கள் குறையும் தவறிப்போயிற்று.

உடைப்பு, கசிவு, லீச்சேட் ஆகிய மூன்றும் வேறு வேறு. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுச்சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். அது உடைப்பு, ஊரே அறிந்தது, அதைத் தடுக்கும் வழி வேறு. லீச்சேட்டோ ஓசையின்றி ஆண்டுக்கணக்கில் நடப்பது. மூன்றையும் பிரித்துச் சொல்லும் சொற்கள் நம்மிடம் இருந்தாக வேண்டும்.

வடிநீரில் வேறொரு சிக்கல். ‘வடிகட்டிய நீர்’ என்ற வழக்கால், அது தூய்மையான நீர் என்ற எண்ணமே முதலில் எழும். ஊறல்நீர் சொன்ன நண்பர் சென்னையில் வாழ்பவர் என்று நினைக்கிறேன். வேலூர் மாவட்ட மலைகளில் காவல்துறையினர் சாராய ஊறலை அழித்த செய்தியைப் படித்துப் பழகிய எங்களுக்கு, ஊறல் என்றதும் வேறு எதுவும் நினைவுக்கு வராது. அதைத் தவிர்த்து ‘ஊறுநீர்’ என்றால், ஊறு என்பதற்குத் தீங்கு என்ற பொருளும் உண்டே என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நுட்பமான எண்ணம்தான். ஆயினும் பாலாற்றங்கரையில் அது செல்லாது. மணலில் ஊறும் நீரை ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுவந்த ஊர்கள் இவை. இங்கு ஊறும் நீர் என்றால் நல்ல நீர். நச்சுநீர் என்பது ஆய்வுக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. இலைக்குப்பையில் இறங்கி வரும் நீரும் லீச்சேட்தான். அதில் என்ன இருக்கிறது என்பதைச் சோதனைக்கூடம் சொல்ல வேண்டும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர வரையறை; அந்த எண்ணோடு ஒப்பிடும் வரை பெயர் நடுநிலையாக இருப்பதே நமக்கும் பாதுகாப்பு.

என் முன்மொழிவு: லீச்சேட் – வடிசாறு, லீச்சிங் – சாறிறக்கம்.

இச்சொல்லை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மூலிகையைக் கொதிக்க வைக்கும் எந்த வீட்டிலும் ‘சாறு தண்ணீரில் இறங்கட்டும்’ என்று சொல்வார்கள். தோல் தொழில் செய்த எங்கள் பெரியவர்களுக்கும் இது புதிதன்று. குரோமிய உப்பு பரவுவதற்கு முன் ஆவாரம்பட்டையை நீரில் இட்டுச் சாற்றை இறக்கி, அதில்தான் தோலைப் பதனிட்டார்கள். கடுக்காயிலும் அவ்வாறே சாறு எடுத்தார்கள். வேதியியல் நோக்கில் அதுவும் லீச்சிங்தான். ‘வடிசாறு’ என்பதோ ‘வடிகஞ்சி’ போல அமைந்த வினைத்தொகை. சோற்றிலிருந்து கரைந்ததை ஏந்தி வரும் நீர் வடிகஞ்சி என்றால், குவியலிலிருந்து கரைந்ததை ஏந்தி வரும் நீர் வடிசாறு. குப்பை வடிசாறு, குரோம வடிசாறு, சாம்பல் வடிசாறு என்று முன்னொட்டு எதுவானாலும் இடறாமல் சேர்கிறது. சதுப்பேரியில் பல ஆண்டுகள் கொட்டப்பட்ட வேலூர் மாநகரக் குப்பையைப் பற்றி எழுதவும் இதுவே போதும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இலக்கணம். இறங்கு, இறக்கு என்ற தன்வினை, பிறவினை இணை தமிழில் ஆயத்தமாக இருக்கிறது. ஆலை தாதுவிலிருந்து குரோமேட்டைச் ‘சாறிறக்குகிறது’. மழையில் குவியல் ‘சாறிறங்குகிறது’. ஆங்கிலச் சொல்லில் ஒரே வினை இரண்டையும் சுமப்பதால், செய்தவர் யார் என்பது தொடரில் மறைந்துவிட இடமுண்டு. வடாற்காட்டுத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அத்தீர்ப்பு பிறந்த மண்ணில் எழுதப்படும் தீர்மானத்தில், ‘மழையில் சாறிறங்கும்படி மூடாமல் விடப்பட்ட கழிவு’ என்று எழுத முடிந்தால், விட்டவர் ஒருவர் உண்டு என்பது அந்தத் தொடரிலேயே நின்றுவிடும்.

சாறு என்றால் கரும்புச்சாறும் பழச்சாறும் நினைவுக்கு வருமே, அபாயம் தோன்றாதே என்று கேட்கலாம். இதை நான் எளிதாகத் தள்ளவில்லை. கழிவுக் குவியலை ஒட்டிய தெருக்களில் மழை விட்ட மறுநாள் மஞ்சள் நீர் தேங்குவதையும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் இறங்கி நடப்பதையும் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு தாய் ‘அது குரோமச் சாறு, மிதிக்காதே’ என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியும். அந்த நீர் எதிலிருந்து வந்தது என்பதும் புரியும். ‘லீச்சேட்’ என்றால் தாய்க்கே புரியாது. அபாயத்தை முன்னொட்டு சுமக்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கழிவு எந்த அளவுக்குச் சாறிறங்கக்கூடியது என்று அறியும் சோதனைக்கு ‘சாறிறங்கு திறன் சோதனை’ என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. மண்ணியல், வேதியியல் துறையினர் சுருக்கமான வடிவம் ஒன்றைத் தந்தால் நன்று. தீர்மானத்தின் படியைச் செப்டம்பர் இறுதிக்குள் ஊராட்சி மன்றத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். மறுப்புகளை அதற்குள் எழுதுங்கள். தகுந்த மறுப்பு வந்தால் சொல்லை மாற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்,
இராணிப்பேட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்