பிள்ளைகளோடு தூண்டில் போட இடமும் இரையும் சொல்லுங்களேன்

வணக்கம். விடுமுறையில் பிள்ளைகளை மீன்பிடிக்க அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். சின்னவள் ஓரிடத்தில் நிற்கமாட்டாள். அதனால் மதகு, பாசி படிந்த படிக்கட்டு, இழுப்புள்ள ஆறு எதுவும் வேண்டாம். சரிவு குறைந்த கரை, மர நிழல், நடக்கிற தூரத்தில் கழிப்பறை, இவ்வளவு இருந்தால் போதும். தூண்டில் போட அனுமதி உள்ள குளமா என்பதையும் சொல்லுங்கள்.

பெரிய மீன் சிக்காவிட்டாலும் பரவாயில்லை, தக்கை அடிக்கடி அமுங்கினால்தான் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்கும். ஜிலேபி மீன், சின்னக் கெண்டைக்கு மண்புழுவா, மாவு உருண்டையா? மாவு சீக்கிரம் கரைந்து முள்ளை விட்டுப் போய்விடுகிறது. கொஞ்சம் பஞ்சு சேர்த்துப் பிசைந்தால் நிற்கும் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் உண்டா? புழு என்றால் பெரியவன் தொடமாட்டான், கோர்ப்பது என் பாடு.

அப்புறம், விரலில் குத்தினாலும் சுலபமாக எடுக்க, முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூரை, அதாவது எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடலாமா? மீன் நழுவிவிடுமோ?