காய்க்காத பப்பாளியை வெட்டலாமா, விடலாமா?

ஈசூன்_மண்வெட்டி:
சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் ஆறு பப்பாளி மரங்கள். ஐந்து காய்க்கின்றன. ஒன்று மட்டும் என் தலையைத் தாண்டி வளர்ந்தும் நீளக் காம்புகளில் பூக்கொத்தைத் தொங்கவிட்டபடி நிற்கிறது. ஒரு பிஞ்சு இல்லை. ஆண் மரம். வெட்டிவிட்டுக் கத்தரி வைக்கலாம் என்றேன், பாதிப் பேர் முறைக்கிறார்கள்.

தஞ்சாவூர்_அக்கா:
அவசரப்படாதீர்கள் தம்பி. ஊரில் இப்படி நின்ற மரத்தின் தலையை அப்பா வெட்டிவிட்டார், அப்புறம் காம்பு நுனியில் காய் தொங்கியது. ஆணி அடிப்பவர்களும் உண்டு. அதோடு, ஆண் மரமே இல்லையென்றால் மற்றவை எப்படிக் காய்க்கும்?

விதைப்பொட்டலம்:
அக்கா, தலை வெட்டிய கதையை நம்புகிறேன். ஆண் பப்பாளி சில சமயம் இருபால் பூ, அதாவது ஆண் பாகமும் பெண் பாகமும் சேர்ந்த பூ விடும். வெட்டு, குளிர் போன்றவை அதைத் தூண்டுவதுண்டு. ஆனால் ஆணி? மரத்துக்குப் புண்தான் மிச்சம்.

ஊர்க் கணக்கு வேறு, இங்கே வேறு. கோயம்புத்தூரின் கோ 2 போன்ற ரகங்களில் ஆண் தனி, பெண் தனி. அதனால்தான் 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரத்தை விட்டுவைக்கிறார்கள். இங்கே தேக்கா சந்தையில் வாங்குகிற நீளப் பழம் இருபால் மரத்தில் காய்த்தது, அதற்குத் தன் மகரந்தமே போதும். அப்படிக் காய்த்த பழத்தின் விதையில் மூன்றுக்கு இரண்டு இருபாலாகவும் ஒன்று பெண்ணாகவும் வரும். ஆண் வராது. அப்படியானால் இந்த ஆறாவது மரத்தின் விதை எங்கிருந்து வந்தது?

ஈசூன்_மண்வெட்டி:
மாட்டிக்கொண்டார்! ஊர்ப் பழத்தின் விதை என்று எங்கள் அண்ணன் ஒருவர் இப்போதுதான் மெல்ல வாய் திறக்கிறார்.

தஞ்சாவூர்_அக்கா:
பாருங்கள், ஊர்ப் பிள்ளை! சாயங்காலம் அந்தப் பூவின் வாசத்துக்கு அந்துப்பூச்சி வரும். காய் ஒன்றுதான் கணக்கா?

விதைப்பொட்டலம்:
வாசத்துக்கு மல்லிகை வைக்கலாம் அக்கா. இருக்கிற இடமோ நாலு பாத்தி. ஐந்து மரம் அதன் தயவில்லாமலே காய்க்கும்.

பிடோக்_அடுப்படி:
நடுவில் வருகிறேன். பூவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் (அத்தை மாதிரி) ஆண் பப்பாளிப் பூவை வேகவைத்து, தண்ணீரை வடித்து, நெத்திலியும் மிளகாயும் போட்டுப் பிரட்டுவார். பாகற்காய் பிடிக்குமென்றால் இதுவும் பிடிக்கும்.

ஈசூன்_மண்வெட்டி:
இது தெரியாமல் போச்சே! சரி, கத்தரி நாற்று இப்போதைக்குத் தொட்டியில் இருக்கட்டும். சனிக்கிழமை பூ பறிக்கிறோம்.

விதைப்பொட்டலம்:
பறியுங்கள், சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெட்டுங்கள்.