முயலா, படைப்புழுவா? சேனைக்கு ஆரு பெரிய எதிரி

உன்னிச்சையான்:
சோளன் போட்ட ஆக்கள் முயலுக்கு கம்பிச் சுருக்கு வைக்கிறத முதல்ல நிப்பாட்டுங்க. பிடரி கறுத்த நம்மட காட்டுமுயல் காலங்காலமா இஞ்ச புல்லுத் திண்டு கெடக்கிற உசிரு. சோளனத் திங்கிற படைப்புழு அமெரிக்காப் பக்கத்து சாமான், 2016ல ஆபிரிக்காவுக்குள்ள பூந்து 2018ல நம்மட நாட்டுக்கு வந்திச்சு. ரெண்டுக்கும் ஒரே தண்டனை எண்டா என்ன ஞாயம்?

பொத்துவில் கமக்காரன்:
நீங்க கச்சான் போட்டதில்ல போல. மொளைச்சு நாலு இலை விட்ட நேரம் முயல் வந்தா ஒரே ராவுல ஒரு வரிசை காலி, தண்டு சரிவா நறுக்கிக் கெடக்கும். புழுவுக்கு கடையில மருந்தாவது இரிக்கு, முயலுக்கு என்ன இரிக்கு?

உன்னிச்சையான்:
நறுக்கிறது உண்மைதான், ஆனா எத்தின முயல் வரும்? ஒரு ஈத்துல ஒண்டுல இருந்து நாலு குட்டி அவ்வளவுதான். படைப்புழுட தாய்ப்பூச்சி ஆயுசுக்குள்ள ஆயிரத்துக்கு மேல முட்டை போடும், நம்மட சூட்டுக்கு ஒரு மாசத்துல முட்டை திரும்ப பூச்சியாகிரும், காத்து வாய்ச்சா ஒரு ராவுல 100 கிலோமீட்டர் பறக்கும். இத எந்த வேலியால மறிப்பீங்க?

வட்டைப்பிள்ளை:
பூச்சி பயிரத் தின்னாது, தேன்தான் குடிக்கும், அழிக்கிறது புழு. தலையில தலைகீழா ஒய் எழுத்துப் போல வெள்ளைக் கோடு, வால் பக்கம் சதுரமா நாலு கறுப்புப் புள்ளி இரிந்தா அதுதான். குருத்துக்குள்ள ஈர மரத்தூள் மாதிரி எச்சம் கெடக்கும். உள்ள பூந்திட்டா மருந்து படாது, ஆனபடியா முட்டைக் குவியலையே இலையில தேடி நசுக்குங்க, அடிக்கிறதெண்டா சின்னப் புழுவா இரிக்கக்குள்ள அந்தி நேரத்துல குருத்துக்குள்ள படுற மாதிரி அடிங்க.

பொத்துவில் கமக்காரன்:
சரி தங்கச்சி, சோளனுக்கு அது. என்ட கச்சானுக்கு?

உன்னிச்சையான்:
சுருக்கு முயலெண்டு பாத்துப் பிடிக்காது அண்ண, கம்பியில மாட்டிச் செத்த சிறுத்தைகள் இந்த நாட்டுல எத்தின! காட்டுமுயல் வளை தோண்டுற சாதியில்ல, புல்லுப் பத்தைக்குள்ள சும்மா படுக்கும். கோழிக்கூட்டு வலைய நிலத்தோட இறுக்கி இடுப்பளவுக்குக் கட்டினா காணும்.

பொத்துவில் கமக்காரன்:
கச்சான் துண்டுக்கு மட்டும் கட்டிப் பாக்கன். ஆனா முயல் பாவம், ஒண்டும் செய்யாது எண்டு மட்டும் சொல்லிராதீங்க.