டர்பன்ல வெள்ள குரோக்கஸ் பூக்குமா? இலை மட்டும் வந்துட்டு அழுகிப் போச்சு

சாட்ஸ்வர்த்_தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல இருக்கேன். எங்க அம்மா ஒரு தடவ லண்டன்ல இருக்குற தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாங்க, அது மார்ச் மாசம், பார்க்குல புல்லுக்கு நடுவுல வெள்ள வெள்ளயா குரோக்கஸ் பூத்திருந்தத பாத்துட்டு வந்து கடைசி வரைக்கும் அதயே சொல்லிக்கிட்டு இருந்தாங்க, காம்பே இல்ல கண்ணு, தரையிலேர்ந்து நேரா பூதான் எந்திரிச்சு நிக்குதுன்னு. அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஆகஸ்ட் 18 அவங்க நினைவு நாள், அன்னிக்கு அவங்க படத்துக்கு முன்னாடி அந்தப் பூவ வைக்கணும்னு ஆச.

போன வருஷம் ஏப்ரல்ல நர்சரியில 20 கிழங்கு வாங்குனேன். செப்டம்பர்ல நடணும்னு ஒரு வீடியோல சொன்னாங்க, அதுவரைக்கும் சமையக்கட்டு அலமாரியில வச்சிருந்து செப்டம்பர்ல முன்வாசல்ல நட்டேன். புல்லு மாதிரி இலை வந்துச்சு, நடுவுல ஒரு வெள்ளக் கோடு, அவ்ளோதான், பூ ஒண்ணுகூட இல்ல. டிசம்பர் மழைக்கு அப்புறம் தோண்டிப் பாத்தா பாதி கிழங்கு கூழா போயிருக்கு. என்ன தப்பு பண்ணேன்? திரும்ப வாங்கலாமா, இல்ல நம்ம ஊருக்கு இது சரிப்படாதா?

லெனேசியா_மண்வெட்டி:
வணக்கம் அக்கா. அந்த வீடியோ இங்கிலாந்து, அமெரிக்கா பக்கம் இருக்குறவங்களுக்கு. அவங்களுக்கு செப்டம்பர்னா குளிர் வரப்போகுது, நமக்கு வெயில் ஆரம்பிக்குது. நாம ஏப்ரல் கடைசி, மே மாசம் நடணும், ஜூலை கடைசியிலயும் ஆகஸ்ட்லயும் பூக்கும்.

ஆனா நீங்க சரியான மாசத்துல நட்டிருந்தாலும் டர்பன் தரையில பூத்திருக்காதுன்னுதான் நெனைக்கிறேன். குரோக்கஸ் கிழங்குக்கு 12லேர்ந்து 15 வாரம் நல்ல குளிர் வேணும், 4லேர்ந்து 9 டிகிரிக்குள்ள. அந்தக் குளிர் பட்டாத்தான் உள்ள இருக்குற மொட்டு நீண்டு வெளிய வரும், இல்லன்னா இலையோட நின்னுடும். உங்க ஊர்ல ஜூலை ராத்திரியிலயே 10, 11தான் இருக்கும், பகல்ல 22, 23 ஆயிடும். எங்க ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் உறைபனி விழுது, அதனால தரையிலயே வருது.

இங்க ஏழு வருஷமா வளர்க்கிறேன், இங்கயும் சும்மா வரல. மழக்காலம் நமக்கு நேர் எதிரா இருக்கு, அதான் பெரிய தொல்ல. குரோக்கஸ் வளர்ற குளிர்காலத்துல எங்க ஹைவெல்ட் மேட்டு நிலத்துல ஒரு சொட்டு மழ கிடையாது, அது தூங்குற கோடையில கொட்டித் தீர்க்குது. அதனால மே மாசத்துலேர்ந்து வாரம் ரெண்டு தடவ தண்ணி ஊத்துறேன், பூ முடிஞ்சும் இலைய வெட்டாம விட்டுடுவேன், ஏன்னா அந்த இலைதான் அடுத்த வருஷத்துக்குப் புதுக் கிழங்கு கட்டுது, பழைய கிழங்கு சுருங்கி அதுக்கு மேலயே புதுசு உக்காந்திருக்கும். இலை பழுத்ததும் அக்டோபர் கடைசியில தோண்டி எடுத்து நிழல்ல காயவச்சு வலப் பையில தொங்க விட்டுடுவேன். உங்களுதுல பாதி கூழானது இதனாலதான், தூங்குற கிழங்கு ஈரத்துல கெடந்துச்சு. எங்களோடது செம்மண்ணு, களி ஜாஸ்தி, பருமணல் பாதி கலந்துதான் நடுவேன், 8லேர்ந்து 10 சென்டிமீட்டர் ஆழம். மண்ணுக்குள்ள வள தோண்டுற மோல் எலி இருந்தா அடியில கம்பி வல போடுங்க, முதல் வருஷம் ஒரு வரிசையயே காலி பண்ணிடுச்சு.

வெள்ளையில நான் வச்சிருக்கிறது ஜோன் தார்க்ங்கிற வகை, பூ பெருசு, தூய வெள்ள, அடியில மட்டும் லேசா ஊதா. ஸ்னோ பண்டிங்னு ஒண்ணு இருக்கு, பூ சின்னது ஆனா வாசன உண்டு. அம்மா பாத்தது அனேகமா பெரிய வகைதான்.

பைன்டவுன்_பால்கனி:
அக்கா, மனசு விடாதீங்க, தொட்டில வரும். நான் மூணு வருஷமா ஃப்ரிட்ஜ்ல வச்சுத்தான் பூக்க வைக்கிறேன். 15 சென்டிமீட்டர் தொட்டில எட்டு பத்து கிழங்க நெருக்கமா வச்சு மண் போட்டு ஒரு தடவ நல்லா தண்ணி ஊத்தி வடிய விட்டு, ஓட்ட போட்ட ப்ளாஸ்டிக் கவர் சுத்தி ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வச்சிடுங்க. ஃப்ரீசர்ல வேண்டாம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ விரல வச்சுப் பாத்து மண் காஞ்சிருந்தா கொஞ்சம் தண்ணி.

ஒரே ஒரு விஷயம், அந்த ஃப்ரிட்ஜ்ல ஆப்பிள், வாழப்பழம், மாம்பழம் எதுவும் இருக்கக் கூடாது. பழத்துலேர்ந்து வர்ற எத்திலீன் வாயு உள்ள இருக்குற மொட்ட கருக்கிடும், முதல் வருஷம் எனக்கு அப்படித்தான் முழுசா போச்சு. அப்புறம் பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒண்ண கராஜ்ல இதுக்குன்னே வச்சுக்கிட்டேன். லோட் ஷெடிங்னு கரண்ட் போனாலும் பயப்படாதீங்க, ரெண்டு மூணு மணி நேரம் போனா ஒண்ணும் ஆகாது, கதவ மட்டும் தொறக்காதீங்க.

இப்படி பூத்த கிழங்கு நம்ம சூட்டுல மறு வருஷத்துக்குத் தேறுறது கஷ்டம். நான் வருஷா வருஷம் புதுசுதான் வாங்குறேன்.

மாரிட்ஸ்பர்க்_ஆச்சி:
பிள்ளைங்களா, குறுக்க பேசுறேன்னு நெனைக்காதீங்க. எங்க சொந்தத்துல ஒருத்தங்க குரோக்கஸ்னா குங்குமப்பூ தானேன்னு நடுவுல இருக்குற நார எடுத்துப் பால்ல போடப் போனாங்க. குங்குமப்பூ செடி வேற, அது ஊதாப் பூ, இலையுதிர் காலத்துல பூக்கும். அதுக்கும் மேல, ஆட்டம் குரோக்கஸ்னு, அதாவது இலையுதிர் கால குரோக்கஸ்னு பேரு போட்டு விக்கிற கொல்ச்சிகம் குரோக்கஸே கிடையாது, கடும் விஷம். நம்ம செங்காந்தள், அதான் கண்வலிக்கிழங்கு, அதுல இருக்குற அதே விஷம்தான். பூவத் திறந்து மகரந்தக் காம்ப எண்ணுங்க, மூணு இருந்தா குரோக்கஸ், ஆறு இருந்தா கொல்ச்சிகம். வீட்ல பேரப்பிள்ளைங்க இருந்தா கட்டாயம் பாருங்க.

முன்வாசல் தரைக்கு வெள்ள ரெயின் லில்லி வை தாயி, ஸெஃபிரான்தஸ் கேண்டிடான்னு கேட்டா குடுப்பாங்க. தென் அமெரிக்காவுல லா பிளாட்டா ஆத்துப் பக்கத்துச் செடி, நம்ம சூட்டுக்கும் மழைக்கும் தானா பெருகும், தூரத்துலேர்ந்து பாத்தா வெள்ள குரோக்கஸ் மாதிரியே இருக்கும். ஆனா அதுக்குக் காம்பு உண்டு, பூக்குறது கோடக் கடைசியில, மழ பெஞ்சதும். அதோட கிழங்கும் விஷந்தான், வாயில வைக்கக் கூடாது.

சாட்ஸ்வர்த்_தோட்டம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆச்சி சொன்ன லில்லிய முன்வாசல்ல வைக்கிறேன், ஆனா ஆகஸ்டுக்கு அம்மா பாத்த பூவேதான் வேணும், அதனால தொட்டிதான். 18ஆம் தேதி பூத்திருக்கணும்னா எப்போ ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்? தங்கச்சி அங்கேர்ந்து கிழங்கு அனுப்புறேங்குறா.

பைன்டவுன்_பால்கனி:
அங்கேர்ந்து வேண்டாம் அக்கா, வெளிநாட்டுக் கிழங்கு உள்ள வரணும்னா வேளாண்மைத் துறை பர்மிட் வேணும், இல்லன்னா எடுத்துடுவாங்க. இங்க இப்பவே நர்சரில வந்திருக்கும், அமுக்கிப் பாத்து கெட்டியா இருக்குறதா எடுங்க.

வெளிய எடுத்து ரெண்டு மூணு வாரத்துல பூக்கும். ஏப்ரல் 25 உள்ள வச்சா ஆகஸ்ட் 1க்கு சரியா 14 வாரம். மூணு தொட்டி போடுங்க, ஒண்ண ஜூலை 28, ஒண்ண ஆகஸ்ட் 1, ஒண்ண ஆகஸ்ட் 5 எடுங்க, எதாவது ஒண்ணு 18க்கு நிக்கும். எடுக்கும்போது முள வெளுப்பா இருக்கும், மூணு நாலு நாள் நிழல்ல வச்சுட்டு அப்புறம் வெளிச்சத்துக்குக் கொண்டு போங்க, மதிய வெயில் வேண்டாம். அன்னிக்குக் காலையில பூ மூடியிருந்தா பதறாதீங்க, குளிர்ல மூடிக்கும், கொஞ்சம் சூடு ஏறுனதும் விரியும். பறிக்காதீங்க, தொட்டியோடயே அம்மா படத்துக்கு முன்னாடி வைங்க, தரையிலேர்ந்து எந்திரிச்ச மாதிரியே இருக்கும்.