மலையேறும்போது மட்டும் உதறுகிற வண்டி

குழு: பெரிய வீடு, சேலம்

சனிக்கிழமை

கவின், காலை 8:41
சித்தப்பா, இருக்கிறீர்களா? ஏற்காடு மலையில் ஐந்தாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். மூன்றாவது கியரில் கொஞ்சம் மிதித்தாலே வண்டி உதறுகிறது, இழுக்க மாட்டேன் என்கிறது, என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. கோரிமேடு வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. பெரியம்மாவும் குழந்தைகளும் வண்டியில் இருக்கிறார்கள்.

செல்வி அத்தை, காலை 8:42
ஐயோ கவின், எல்லாரும் நன்றாக இருக்கிறீர்களா? நான் ஜீப் அனுப்பட்டுமா?

முருகேசன் சித்தப்பா, காலை 8:44
இருக்கிறேன் தம்பி. மேலே ஏறாதே. மேலிருந்து வருகிற பஸ்ஸுக்கு வண்டி தெரிகிற இடமா பார், சக்கரத்துக்குக் கல் வை, காய்ந்த புல் மேல் நிற்கிறாய் என்றால் உடனே தள்ளி நிறுத்து. விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்ளலாம், விட்டு விட்டு எரிந்தால் அப்படி இல்லை. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம், அது புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அந்தச் சூட்டில் உள்ளே இருப்பது உருகிவிடும். இப்போது கெட்டிருப்பது சில ஆயிரத்தில் முடிகிற சாமான், கன்வெர்ட்டர் போனால் செலவு பல மடங்கு. புல் பற்றிக்கொள்வதும் அந்தச் சூட்டால்தான்.

அக்கா, ஜீப் அனுப்பி அண்ணியையும் குழந்தைகளையும் மேலே கூட்டிக்கொள்ளுங்கள். கவின் வண்டியோடு கீழே வரட்டும்.

செல்வி அத்தை, காலை 8:45
சரி தம்பி, ஜீப் கிளம்பிவிட்டது. கவின், பெரியம்மாவை வெயிலில் நிற்க வைக்காதே.

பெரியப்பா, காலை 8:52
இந்தப் புது பெட்ரோல்தான் காரணமாக இருக்கும். எத்தனால் கலந்ததிலிருந்து எல்லா வண்டியும் இப்படித்தான் என்று சொல்கிறார்கள். இல்லையென்றால் மலையில் காற்று குறைவு, அதனால் மூச்சு முட்டுகிறது.

முருகேசன் சித்தப்பா, காலை 8:58
அண்ணா, ஐந்தாவது வளைவில் இன்னும் மலையே ஆரம்பிக்கவில்லை, 20 வளைவும் ஏறி 1500 மீட்டர் உயரத்துக்குப் போனால்தான் காற்று கொஞ்சம் மெலியும், அதையும் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ ஓரளவு ஈடுகட்டிவிடும். பெட்ரோல் கெட்டிருந்தால் மூன்று சிலிண்டருமே தடுமாறும். ஒன்று மட்டும்தானா, மூன்றுமா என்பதை வண்டியே சொல்லும். கவின், கோளாறு எண்ணைப் படிக்கிற அந்த ப்ளூடூத் ஓபிடி கருவி வண்டியில் இருக்கிறதா? ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகிப் படி. படித்ததை அழித்துவிடாதே, படம் எடுத்து வை.

கவின், காலை 9:06
பி0302 என்று வருகிறது. வேறு ஒன்றும் இல்லை.

தீபா, காலை 9:07
சித்தப்பா, அப்படியென்றால் இரண்டாவது சிலிண்டரில் பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற இக்னிஷன் காயில் போய்விட்டது, அப்படித்தானே? புதிது வாங்கிப் போட்டால் முடிந்ததா?

முருகேசன் சித்தப்பா, காலை 9:15
அவசரப்படாதே தீபா. பி0302 சொல்வது, இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பது மட்டும்தான். ஏன் எரியவில்லை என்று அதற்குத் தெரியாது. கிராங்க் சுற்றுகிற வேகத்தை இசியு, அதாவது என்ஜினை நடத்துகிற கணினி, பார்த்துக்கொண்டே இருக்கும், ஒரு சிலிண்டரின் முறை வரும்போது அந்தத் தள்ளல் வராமல் வேகம் லேசாகக் குறைந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளும். காயிலாகவும் இருக்கலாம், பிளக்காகவும் இருக்கலாம், இன்ஜெக்டர், வயர், வால்வு, எதுவாகவும் இருக்கலாம். பி0352 வந்திருந்தால் அந்தக் காயிலின் மின்சுற்றிலேயே கோளாறு, வயரையும் பார்க்க வேண்டும். எந்த சிலிண்டர் என்று சொல்லாத வெறும் பி0300 வந்திருந்தால் அண்ணன் சொன்ன பெட்ரோல் பக்கமும் பார்த்திருப்பேன்.

எனக்கும் காயில் மேல்தான் சந்தேகம். சந்தேகத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது, மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகு கொடுக்கலாம்.

கவின், ஜீப் வந்ததும் இறங்கு. இரண்டாவது கியரிலேயே வா. வண்டி உதறுகிறதே என்று என்ஜினை அணைத்துவிட்டோ நியூட்ரலில் விட்டோ உருட்டாதே, அணைத்தால் பிரேக் பூஸ்டரில் இருக்கிற வாக்யூம் சில மிதிகளில் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல் கியரில் இறங்கும்போது இசியு பெட்ரோலையே நிறுத்திவிடும், அதனால் கன்வெர்ட்டருக்கும் கெடுதல் இல்லை. அடிவாரத்திலிருந்து கோரிமேடு வரைக்கும் மட்டும் மெல்ல ஓட்டி வா.

கவின், காலை 9:31
ஜீப் வந்துவிட்டது. இறங்குகிறேன்.

செல்வி அத்தை, காலை 10:10
அண்ணி வந்து சேர்ந்துவிட்டார்கள். குழந்தைகள் காப்பித் தோட்டத்துக்குள் ஓடிவிட்டன. பெரியண்ணா, கவலைப்படாதீர்கள்.

கவின், காலை 10:24
சித்தப்பா வீட்டு வாசலில் நிற்கிறேன். நேற்று நகரில் இருக்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், அங்கே ஓட்டிக்கூடப் பார்க்காமல் மூன்று காயிலும் மூன்று பிளக்கும் ஃப்யூயல் பம்பும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். சமதளத்தில் ஓட்டினால் ஒன்றுமே தெரியவில்லை, அதனால்தான் தள்ளிப் போடலாம் என்று நினைத்தேன். அது எப்படி சித்தப்பா, மலையில் மட்டும் வருகிறது?

முருகேசன் சித்தப்பா, காலை 10:49
என்ஜின் ஆறட்டும், அதுவரைக்கும் எழுதுகிறேன், தீபாவும் படிக்கட்டும்.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். அதைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக, தேவைப்பட்டால் 30 ஆயிரத்துக்கும் மேலே ஏற்றி பிளக்கின் நுனிக்கு அனுப்புகிறது. அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளியை அது தாண்டினால்தான் பொறி. சும்மா ஓட்டும்போது சிலிண்டரில் காற்று குறைவு, எளிதாகத் தாண்டிவிடும். மலையில் மிதித்ததும் டர்போ காற்றை அடைத்து உள்ளே தள்ளுகிறது, அழுத்தம் ஏற ஏற அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். காயில் உள்ளே சுருள் பலவீனமாகியிருந்தாலோ கீழே இருக்கிற ரப்பர் பூட்டில் விரிசல் இருந்தாலோ மின்சாரம் பிளக் நுனிக்குப் போகாமல் பக்கத்தில் இருக்கிற ஹெட் உலோகத்துக்கே தாவிவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற டியூபில் நடுவே ஒரு கீறல் இருந்தால் வாயைத் திறந்து விட்டிருக்கும் வரை தெரியாது, விரலால் வாயை அடைத்தால் கீறலில் பீய்ச்சும், அதேதான் இது.

3000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 பொறி விழ வேண்டும். உன் வண்டியில் இருப்பதே மூன்று சிலிண்டர், ஒன்று வேலை நிறுத்தம் செய்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதனால்தான் அந்த உதறல்.

இன்னொன்று, சூடானால்தான் சில காயில் தகராறு செய்யும். ஒர்க்‌ஷாப்பில் ஆறிப் போன வண்டியை நிறுத்திவைத்து உறுமவிட்டுப் பார்த்தால் சரியாக இருப்பது போலவே தெரியும்.

தீபா, காலை 10:55
புரிகிறது. என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறதே, கொண்டு வரட்டுமா? காயிலின் ரெசிஸ்டன்ஸ் பார்த்தால் போதாதா, எதற்கு மாற்றிப் போட வேண்டும்?

முருகேசன் சித்தப்பா, காலை 11:02
இரண்டு பின் இருக்கிற பழைய வகைக் காயிலுக்கு அது ஓரளவு உதவும். இதில் நான்கு பின், டிரைவர் டிரான்சிஸ்டர் காயிலுக்குள்ளேயே இருக்கிறது, ஓம் அளந்தால் வருகிற எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பழைய வகையிலும் மீட்டர் நன்றாகக் காட்டுகிற காயில், டர்போ அழுத்தத்தில் படுத்துவிடும். சில இடங்களில் என்ஜின் ஓடும்போதே காயிலை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள், அதை நம் வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். ஷாக் பலமாக அடிக்கும், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போகும்.

கவின், காலை 11:48
கழற்றியாகிவிட்டது. இரண்டாவது காயிலின் ரப்பரில் உள்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு, மூன்றாவதில் அது இல்லை. பிளக் குழியில் எண்ணெய் இல்லை.

முருகேசன் சித்தப்பா, காலை 11:53
குழி காய்ந்திருப்பது நல்ல செய்தி. அங்கே எண்ணெய் நின்றிருந்தால் டேப்பெட் கவர் கேஸ்கெட்டை மாற்றாமல் எத்தனை காயில் போட்டாலும் ரப்பர் ஊறி மறுபடியும் இதே கதைதான்.

மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: சாவியை எடுத்துவிட்டு, கனெக்டரின் பூட்டை மெல்ல அமுக்கி விடுவித்தோம், சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் நொறுங்கிப் போயிருக்கும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உடைந்துவிடும். இரண்டாவது காயிலை மூன்றாவது இடத்திலும் மூன்றாவதை இரண்டாவதிலும் போட்டிருக்கிறோம். பிளக்கைத் தொடவே இல்லை. ஒரே நேரத்தில் காயில், பிளக் இரண்டையும் மாற்றினால் குற்றவாளி எது என்று தெரியாது. இப்போது பழைய எண்ணை அழித்துவிட்டு அடிவாரம் போகிறோம். மூன்றாவது கியர், 2000 ஆர்பிஎம்மில் இருந்து நிதானமாக மிதிக்க வேண்டும், கோளாறு எந்தச் சூழ்நிலையில் வந்ததோ அதே சூழ்நிலையில்தான் மறுபடி பார்க்க வேண்டும். விளக்கு சிமிட்டியதும் காலை எடுத்துவிடுவோம்.

கவின், பகல் 12:37
பி0303! இரண்டாவது வளைவிலேயே வந்துவிட்டது. இரண்டாவது சிலிண்டர் சுத்தமாக இருக்கிறது.

தீபா, பகல் 12:38
கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. அருமை சித்தப்பா!

பெரியப்பா, பகல் 12:45
முருகேசா, எண் நகராமல் இரண்டிலேயே நின்றிருந்தால்?

முருகேசன் சித்தப்பா, பகல் 12:52
அப்போது காயில் நிரபராதி அண்ணா. அடுத்து பிளக்கை அதே மாதிரி இடம் மாற்றிப் பார்ப்போம். அதிலும் நகரவில்லை என்றால் வயர், இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சுகிற வண்டியில் இன்ஜெக்டர் பக்கம் வீட்டில் கை வைக்கக் கூடாது, அந்த அழுத்தம் ஆபத்தானது.

கவின், பிற்பகல் 2:20
பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். மூன்றிலும் இடைவெளி புத்தகத்தில் சொன்னதைவிட விரிந்திருக்கிறது. இரண்டாவது பிளக்கின் பீங்கானில் மெல்லிய கறுப்புக் கோடு. என்ன வாங்க வேண்டும் என்று சித்தப்பாவும் பெரியப்பாவும் இங்கே விவாதம்.

பெரியப்பா, பிற்பகல் 2:26
கெட்டது ஒன்று, வாங்குவதும் ஒன்று. நல்ல சாமானை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்?

முருகேசன் சித்தப்பா, பிற்பகல் 2:41
காயில் விஷயத்தில் அண்ணன் சொல்வதோடு எனக்குச் சம்மதம், ஒரு சின்னச் சேர்க்கை மட்டும். கெட்டது ஒன்று என்பதால் ஒன்றை மாற்றுவோம், மற்ற இரண்டும் அதே வயதுதான், எப்போது படுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் இன்னொன்றை வாங்கி டிக்கியில் ஒரு டார்க்ஸ் சாவியோடு போட்டுவைக்கட்டும். மலையில் நின்றாலும் பத்து நிமிடத்தில் மாற்றிக்கொள்வான்.

பிளக் மூன்றையும் கட்டாயம் மாற்ற வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காயிலைக் கொன்றதே அந்த விரிந்த பிளக்காக இருக்கலாம். இடைவெளி அகலமானால் அதைத் தாண்ட ஒவ்வொரு தடவையும் காயில் கூடுதல் வோல்ட் கொடுத்தாக வேண்டும், பல மாதம் அப்படி உழைத்தால் இன்சுலேஷன் ஓய்ந்துவிடும். பீங்கானில் கோடு விழுந்த பிளக் மேல் புதுக் காயிலை மாட்டினால் மின்சாரம் பழகிய அதே வழியில் இறங்கிப் புது ரப்பரையும் எரித்துவிடும். பட்டறைகளில் காயிலை மட்டும் மாற்றி அனுப்பி, கொஞ்ச நாளில் வண்டி திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது.

ஃப்யூயல் பம்ப் வேண்டாம். அது எல்லா சிலிண்டருக்கும் பொதுவானது, அதில் கோளாறு என்றால் ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் காயிலோடு இடம் மாறி மாறித் தடுமாறாது.

கவின், பகுதி எண்ணைக் காயிலின் தலையில் இருந்து எழுதிக்கொண்டு போ. கடையில் அதே மாதிரி இருக்கிறது என்று விலை குறைந்ததைக் கொடுப்பார்கள், போலி நிறைய ஓடுகிறது, டர்போ வண்டிக்கு அது தாங்காது. பில் வாங்கு.

ஞாயிற்றுக்கிழமை

கவின், காலை 7:30
வேலை முடிந்தது. புதிதாக வந்த பிளக்கிலும் இடைவெளியை அளந்து பார்த்தே சித்தப்பா போடவிட்டார். குழியைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்து, பிளக்கைக் கையாலேயே மரை பிடிக்க வைத்து, அப்புறம்தான் டார்க் ரெஞ்ச். ஆறிய என்ஜினில்தான் செய்தோம், ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை போய்விடும் என்றார். காயிலை நேராக அழுத்தி, கனெக்டர் ‘டக்’ என்று பூட்டுகிற சத்தம் கேட்கும் வரை விடவில்லை.

முருகேசன் சித்தப்பா, காலை 7:38
இப்போதே மலையேறு. ஓபிடியில் ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை தடவை எரியாமல் விட்டது என்கிற மிஸ்ஃபயர் எண்ணிக்கையும் நேரடியாகத் தெரியும், பக்கத்தில் உட்காருகிறவர் பார்க்கட்டும், நீ பார்க்காதே. ஆயில் டிப்ஸ்டிக்கையும் முகர்ந்து பார், பெட்ரோல் வாடை பலமாக இருந்தால் ஆயிலையும் மாற்றிவிடலாம், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கியிருக்கும்.

கவின், காலை 7:41
ஆயிலில் வாடை இல்லை. கிளம்புகிறேன். பெரியப்பாதான் பக்கத்தில்.

பெரியப்பா, காலை 8:47
ஏற்காடு ஏரி வந்துவிட்டோம். மூன்று இடத்திலும் பூஜ்ஜியம், வழி முழுக்க. இருபது வளைவும் மூன்றாவது கியரிலும் இரண்டாவதிலும் சுகமாக ஏறியது. கேட்டலிடிக் பற்றி ஏதும் எண் வரவில்லை.

முருகேசன் சித்தப்பா, காலை 8:50
மிகவும் நிம்மதி அண்ணா. கன்வெர்ட்டர் எண் வருவதற்குக் கொஞ்சம் ஓட வேண்டும், அடுத்த வாரம் ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும்.

செல்வி அத்தை, காலை 8:52
இட்லி ஆறுகிறது, வாருங்கள் சீக்கிரம்.

தீபா, காலை 9:05
சித்தப்பா, என் வண்டியும் டர்போதான். நான் வாங்கியதிலிருந்து பிளக்கை மாற்றியதாகவே நினைவில்லை. இப்போது ஒன்றும் தெரியவில்லை, பார்க்க வேண்டுமா?

முருகேசன் சித்தப்பா, காலை 9:09
சர்வீஸ் புத்தகத்தில் பிளக்குக்கு எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பு. தாண்டியிருந்தால் அடுத்த ஞாயிறு காலையில் வண்டியைக் கொண்டு வா, இரவே நிறுத்திவிட்டால் இன்னும் நல்லது, என்ஜின் ஆறியிருக்கும்.